மட்டை விழுந்து மூன்று வாரமாச்சு, இனி பயமில்லையா?

கேள்வி: தோப்பில் அப்பா (வயது 72) தலையில் தென்னை மட்டை விழுந்து மூன்று வாரமாகிறது. ரத்தம் வரவில்லை, லேசான வீக்கம் வடிந்துவிட்டது. அன்று இரவு பயத்தில் அவரைத் தூங்கவே விடவில்லை. இப்போது தினமும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். நடக்கும்போது இடது கால் செருப்பு மட்டும் கழன்றுவிடுகிறது. வயசானால் அப்படித்தான் என்கிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.
- வாசகி, சோழவந்தான்

பதில்: அம்மா, கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் போனில் சொல்லிவிட்டேன், அப்பாவை உடனே மதுரைக்குக் கூட்டி வாருங்கள் என்று. இது மற்ற வீடுகளிலும் தெரிய வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அந்தச் செருப்பு விஷயத்தை எழுதினீர்களே, என்னைப் பதற வைத்தது அதுதான். காலில் பலம் குறைந்தால் விரல்கள் செருப்பைப் பிடிக்காது. அவருக்கே தெரியாமல் கழன்றுவிடும். வயசு என்றால் இரண்டு காலும் சேர்ந்தல்லவா தளரும்?

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதற்கும் மேலுறைக்கும் நடுவே போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியில்கூட ஒன்று அறுந்து, ரத்தம் துளித்துளியாகக் கசிந்து வாரக்கணக்கில் சேரலாம். உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரை அந்தக் கசிவைச் சுலபத்தில் நிற்க விடாது. வலது பக்கம் சேர்ந்து அழுத்தினால் பெரும்பாலும் இடது கை, கால்தான் தளரும். தலைவலி, மந்தம், மறதி, பேச்சில் குழறல் எல்லாம் இதில் வரும். சி.டி. ஸ்கேன் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்துவிடுவார்கள். நேரத்தோடு செய்தால் பெரும்பாலானோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். நம் பெரியாஸ்பத்திரியிலேயே இதற்கான நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், காயமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தூங்க விடாமல் உட்கார வைக்க வேண்டியதில்லை. தூங்கட்டும், முதல் இரவு மட்டும் டாக்டர் சொல்கிறபடி இடையில் எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எழுப்ப முடியவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிகிறது என்றால் உடனே 108.

அப்புறம், தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு ஏதாவது வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், அவற்றில் பல ரத்தக் கசிவைக் கூட்டும். இதய மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். அட்டையோடு எடுத்து வந்து டாக்டரிடம் காட்டுங்கள், அதை அவர் முடிவு செய்யட்டும்.