செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல: பழைய டீசல் பிக்அப் கேள்வி பதில்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்துல 20 வருஷத்துக்கு மேல டீசல் வேலை பாக்குறேன். வர்றதுல பாதி காய்கறி லோடு பிக்அப்தான். தெரிஞ்சதை சொல்றேன், கேளுங்க. கேக்குறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, அடிச்சா ரெண்டு நிமிஷம் ஆற விடுங்க. ஸ்டார்ட் ஆகாத வண்டிய விட செல்ஃப் மோட்டார் கருகி வர்ற வண்டிதான் எனக்கு அதிகம்.

பொள்ளாச்சியில இருந்து: அண்ணே, 2008 மாடல் பிக்அப், டீஐ எஞ்சின் (டீசலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற டைப்), பழைய மெக்கானிக்கல் பம்ப். ராத்திரி நல்லா ஓடி வந்து நிக்குது. காலைல செல்ஃப் ஜோரா அடிக்குது, ஸ்டார்ட் ஆகல. ஹேண்ட் பிரைமரை (கையால டீசல் ஏத்துற குட்டி பம்ப்) முப்பது தடவை அமுக்குனா புடிச்சிருது, அப்புறம் நாள் பூரா ஒரு தொந்தரவும் இல்ல. மெக்கானிக் பம்பை இறக்கணும்ங்கறாரு.

இறக்காதீங்க. பம்ப் போயிருந்தா அது காலைல மட்டும் எப்படி போகும், சாயங்காலம் எப்படி சரியாகும்?

டீசல் வண்டில ஸ்பார்க் கெடையாது. காத்தை 18ல ஒரு பங்கா அமுக்கும்போது வர்ற சூட்டுலதான் டீசல் பத்துது. அதனால மொதல்ல ஆளை விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு நீங்க பின்னாடி போய் சைலென்சரை பாருங்க. வெள்ளப்புகை வந்தா டீசல் உள்ள போகுது, பத்தல, அப்ப செல்ஃப் வேகம், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன்னாடி உள்ள சூடு பண்றது), கம்ப்ரெஷன்னு பாக்கணும். புகையே இல்லன்னா டீசலே போகல. உங்களுக்கு புகை இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

டேங்குல இருந்து ஃபீட் பம்ப் (பெரிய பம்புக்கு டீசல் இழுத்துக் குடுக்கற சின்ன பம்ப்) வரைக்கும் டீசல் உறிஞ்சித்தான் வருது. அந்தப் பக்கம் எங்கயாவது மயிரிழை இடைவெளி இருந்தா டீசல் வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும், அதான் யாரும் கண்டுபிடிக்கறதில்ல. ராத்திரி நிக்கும்போது லைன்ல இருக்கற டீசல் மெதுவா டேங்குக்கே எறங்கிடும், காலைல பம்புக்கு வெறும் காத்துதான் மிச்சம். இன்னைக்கு ராத்திரி வண்டிய மூக்கு கீழ இருக்கற மாதிரி சரிவுல நிறுத்திப் பாருங்க, டேங்க் மேல இருக்கறதால காலைல டக்குனு புடிச்சா சந்தேகமே வேண்டாம். அப்புறம் ஃபீட் பம்புக்கு வர்ற ஹோஸுக்கு நடுவுல ஒரு ஜாண் கண்ணாடி மாதிரி உள்ள தெரியற பிளாஸ்டிக் டியூப் போட்டு ஓட விடுங்க. நல்ல லைன்ல டீசல் அசையாத மாதிரி தெரியும், காத்து எடுத்தா சோடா மாதிரி பொடிப்பொடியா குமிழி ஓடும். ரப்பர் ஹோஸ் வெடிப்பு, கிளாம்ப், பேன்ஜோ போல்ட்டோட (பைப்பை மாட்டுற, நடுவுல ஓட்டை உள்ள போல்ட்) காப்பர் வாஷர், ஃபில்டர் சீல், பிரைமர் அடில இருக்கற வாஷர், இந்த வரிசையில ஒவ்வொண்ணா பாத்துட்டு சொல்லுங்க.

திண்டுக்கல்லுல இருந்து: சார் என் வண்டியும் செல்ஃப் அடிக்குது ஸ்டார்ட் ஆகல, என்ன பண்றது?

புகை வருதா?

தேனியில இருந்து: டீசல் தீந்து ரோட்ல நின்னுச்சு. பத்து லிட்டர் ஊத்தியும் எடுக்கல. அதுவும் டீஐதான்.

ஏர் லாக், லைன்ல காத்து அடைச்சிருக்கு. ஃபில்டர் மேல இருக்கற ஏர் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, குமிழி நிக்கற வரைக்கும் பிரைமர் அடிச்சு டைட் பண்ணுங்க. அப்பவும் எடுக்கலன்னா நாசிலுக்கு (சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுறது) போற பைப் நட்டை, பெரும்பாலும் 17 ஸ்பேனர்தான், அரைச்சுத்து லூஸ் பண்ணி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. மொதல்ல நுரையா வந்து அப்புறம் டீசல் வெட்டி வெட்டி வரும், ஒவ்வொண்ணா டைட் பண்ணிட்டு வந்தா கடைசி நட்டுக்கு முன்னாடியே எஞ்சின் இருமிக்கிட்டு புடிச்சிரும். இந்த வேலைய காமன் ரெயில் வண்டில (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாய்ல ஹை பிரஷர்ல டீசல் நிக்கற, கம்ப்யூட்டர் வெச்ச புது டைப்) செய்யவே செய்யாதீங்க. அங்க பிரஷர் ஓட்டத்துல ஆயிரம் பாரைத் தாண்டும், டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள எறங்கும். பாக்க முள்ளு குத்துன மாதிரிதான் இருக்கும், ஆனா ஒடனே ஆஸ்பத்திரி போகலன்னா விரலே போயிரும்.

யாழ்ப்பாணத்தில இருந்து: அண்ணா, பழைய டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 டீசல், 3எல் எஞ்சின். காலமையில நிறைய நேரம் அடிச்சாத்தான் ஸ்டார்ட் வரும், வெள்ளைப் புகை அள்ளி எறியுது. சூடாகினா பிரச்சினை இல்லை.

தம்பி, புகைய பாத்துட்டு கேட்ட மொத ஆள் நீங்கதான். அது நேரடி இன்ஜெக்ஷன் இல்ல, முன்னறையில பத்துற டைப், ஹீட்டர் பிளக் இல்லாம காலைல கஷ்டம்தான். மீட்டர் வெச்சு ஒவ்வொரு பிளக்கா ஓம் பாருங்க, ஒரு ஓம் பக்கத்துல காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா அது செத்துப்போச்சு. பேட்டரில நேரா வெச்சு செவக்குதான்னு மட்டும் பாக்காதீங்க, டொயோட்டால சில பிளக் 12 வோல்ட்டே இல்ல, கருகிரும். எல்லாம் நல்லா இருந்தா, பிளக்குக்கு கரண்ட் குடுக்கற ரிலேய பாருங்க.

சேலத்துல இருந்து: எங்க மெக்கானிக் ஏர் கிளீனர்ல பெட்ரோல் நனைச்ச துணிய வெச்சு அடிப்பாரு, ஒரே அடில ஸ்டார்ட். இதுக்குப் போய் இவ்வளவு கதையா?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். டீசல் பிஸ்டன் மேல வர்ற நேரத்துலதான் உள்ள பீச்சும். பெட்ரோல் ஆவி காத்தோடவே உள்ள போயிருது, பிஸ்டன் பாதி வழில இருக்கும்போதே பத்துனாலும் பத்தும். அப்ப கேக்கற "டங்"குங்கற சத்தம் ரிங்குக்கும் கனெக்டிங் ராடுக்கும் விழற சம்மட்டி அடி.

அதே சேலம்: முப்பது வருஷமா பண்றாரு, ஒரு எஞ்சினும் ஒடையல.

ஒடைஞ்ச எஞ்சின் அவர்கிட்ட போகாது தம்பி, என்கிட்ட வரும்.

ஈரோட்டுல இருந்து: அப்ப ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேன்னு கடைல டப்பாவுல விக்கிறாங்களே, அது மட்டும் எப்படி?

அது பனி கொட்டுற நாட்டுக்கு, அளவா அடிக்கறதுக்கு. அந்த டப்பாவுலயே ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்கு அடிக்காதேன்னு போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க. நான் வேலை பழகுன காலத்துல ஹீட்டர் செவந்து இருக்கும்போது பெட்ரோல் துணிய காட்டுனேன். ஏர் பைப் வழியா தீ திரும்பி வந்து ரெண்டு புருவமும் முன்முடியும் போச்சு. பக்கத்து வீட்டு கல்யாணத்துக்கு கண்மை தீட்டி புருவம் வரைஞ்சுக்கிட்டு போனேன்.

ஊட்டியில இருந்து: ஜனவரில உறைபனி விழுது, நாங்க என்னதான் பண்றது? கீழ உக்காந்து சொல்றது சுலபம்.

நியாயம். பேட்டரிய நல்லா வெச்சுக்கோங்க, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் பத்துக்கு கீழ எறங்குனா எஞ்சின் சூடு புடிக்கற வேகத்துல சுத்தாது. டேங்கை ராத்திரி நெரப்பி வைங்க, தண்ணி வேர்க்காது. வெந்நீர்ல நனைச்ச துணிய ஃபில்டர் மேல சுத்தலாம். பெட்ரோல் துணி ஊட்டிலயும் கூடாது.

சேலம் மறுபடி: நீங்க பயமுறுத்துறீங்க.

ஆமா.

மதுரையில இருந்து: காமன் ரெயில் பிக்அப், செல்ஃப் அடிக்குது, புகை சுத்தமா இல்ல.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு கொஞ்சமாவது அசையுதா? பல வண்டில முள்ளு அசையலன்னா எஞ்சின் சுத்தறதை கம்ப்யூட்டருக்கு சொல்ற கிராங்க் சென்சார் இல்லன்னா அதோட ஒயர்ல சந்தேகப்படலாம், எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க. சாவி லைட் மினுக்குதுன்னா இம்மொபிலைசர், அதாவது சாவிய அடையாளம் தெரியலன்னா ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு. ரெண்டும் இல்லன்னா ஸ்கேனர் போட்டு ரெயில் பிரஷர் பாக்கணும், அது கைவேலை இல்ல.

கரூர்ல இருந்து: டீசல் வண்டில தெரியாம பெட்ரோல் போட்டுட்டாங்க.

சாவியே போடாதீங்க. டேங்கை எறக்குங்க.

விருதுநகர்ல இருந்து: சார் செல்ஃப் அடிக்குது ஆனா ஸ்டார்ட் ஆகல, பம்ப் மாத்தணுமா? தள்ளிப் பாக்கலாமா?

செல்ஃப் சுத்தறதைத்தானே தள்ளுறதும் சுத்தப்போகுது? மேல எழுதுனதைப் படிங்க. புகை. 10 செகண்ட்.

திருச்சியில இருந்து: சாவி போட்டதும் பம்ப்ல "டக்"குனு ஒரு சத்தம் வரும், இப்ப வரல. டீஐ.

ஸ்டாப் சொலினாய்டு, சாவி போட்டா கரண்ட்ல டீசல் வழிய தொறக்கறது. மொதல்ல ஃபியூஸ். அப்புறம் அந்த ஒயரை கழட்டி, பேட்டரி பிளஸ்ல இருந்து தனி ஒயர் எடுத்து சொலினாய்டுல தொடுங்க, "டக்"குனு கேட்டா சொலினாய்டு நல்லா இருக்கு, கரண்ட்தான் வரல. கேக்கலன்னா அதை மட்டும் மாத்துங்க.

பொள்ளாச்சி, மறுநாள்: அண்ணே, சரிவுல நிறுத்துனேன், காலைல ஒரே அடில புடிச்சிருச்சு. டியூப் போட்டேன், குமிழி ஓடுச்சு. ஃபீட் பம்புக்கு வர்ற ஹோஸ் கிளாம்புக்கு அடில வெடிச்சிருந்துச்சு, ஒரு இஞ்ச் வெட்டிட்டு மறுபடி மாட்டிட்டேன்.

வெட்டுனது இப்போதைக்கு ஓடும், ஹோஸை முழுசா மாத்திருங்க, ஒரு எடம் வெடிச்சா அடுத்த எடமும் வெடிக்கும். டியூபை கழட்டிட்டீங்கல்ல? எஞ்சின் சூட்டுல அது இளகிரும். வாசல்ல முருங்கைக்கா லோடு ஒண்ணு நிக்குது, டிரைவர் விடாம செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கான், போய் சாவிய புடுங்கிட்டு வர்றேன்.