ஊர்க் காலண்டரில் உள்ள நல்ல நேரத்தைச் சிங்கப்பூரில் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

திங்கட்கிழமை, சுவாதி நட்சத்திரம், காலை 9.15க்குப் புது வீட்டில் பால் காய்ச்சலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நட்சத்திரம் ரோகிணி என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

தினசரிக் காலண்டர் தாளில் இரண்டு வகை நேரம் கலந்து கிடக்கிறது. திதியும் நட்சத்திரமும் வானத்தில் நடப்பவை. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி; 13 பாகை 20 கலை நகர்ந்தால் ஒரு நட்சத்திரம். சஷ்டி முடியும் கணம் இங்கேயும் அங்கேயும் ஒன்றே, கடிகாரம்தான் வேறு. இங்கே மாலை 4 என்றால் உங்களுக்கு 6.30.

ராகு காலம், எமகண்டம், குளிகை அப்படி இல்லை. அந்தந்த ஊர்ப் பகலை எட்டாகப் பிரித்துப் போடுபவை. திங்களுக்கு இரண்டாவது பங்கு ராகு காலம். 7.30 முதல் 9 வரை என்று அச்சடிப்பது, 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு. சிங்கப்பூரில் வருஷம் முழுக்க உதயம் ஏறக்குறைய 7 மணிக்கு. ஆக உங்களுக்கு 8.30 முதல் 10 வரை ராகு காலம்; 9.15 அதன் நட்டநடு! சிரிக்காதீர்கள், இங்கேயும் தை மாதத்தில் உதயம் 6.35 வாக்கில்தான். கணக்குப்படி ராகு காலம் 8 மணிக்கு மேல் தொடங்கி 9.30 வரை போகும். ஊரில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. பார்ப்பதென்றால் சரியாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

நம் நகரத்தார்களுக்கு நிஜக் குழப்பம் வருவது பிள்ளையார் நோன்பில்தான். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், புது வேட்டியில் நாளுக்கு ஒரு நூல் உருவிச் சேர்த்து, கடைசியில் திரியாக்கி, வெல்லம் சேர்த்துப் பிசைந்த இழை மாவில் வைத்து ஏற்றுவோம். வீட்டுப் பெரியவர் எடுத்துத் தர, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வாயைத் திறக்கும். அது சஷ்டியும் சதயமும் கூடும் வேளை. ஏன் 21 என்று எண்ணிப் பாருங்கள்: கார்த்திகைக்கு அடுத்து 21ஆவது நட்சத்திரம் சதயம், பௌர்ணமிக்கு அடுத்து 21ஆவது திதி வளர்பிறைச் சஷ்டி. ஆனால் திதி சராசரியாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நட்சத்திரம் கொஞ்சம் கூடுதல். அதனால் சதயம் வருவதற்குள் சஷ்டி நழுவப் பார்க்கும். இங்கே இரவு 8 மணிக்குச் சஷ்டி முடிகிற வருஷம் உங்களுக்கு 10.30 வரை இருக்கும், அவசரமே இல்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள்தான் பாவம். அவர்களுக்கு மாலை ஆகும்போது நமக்கு மறுநாள் விடிந்துகொண்டிருக்கும், சஷ்டி போயிருக்கும். அந்த மாதிரி வருஷங்களில் முந்தின மாலையே எடுத்துக்கொள்வதுதான் கணக்குக்குப் பொருந்தும்.

அப்புறம், பழைய வாய்பாட்டுப்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமா, வானத்தில் உள்ள நிலைப்படி கணிக்கும் திருக்கணிதமா? எதுவானாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் நடந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியம் பார்க்கும் திருநள்ளாற்றில் அதே வருஷம் டிசம்பர் 20இல் நடந்தது. திதி முடிவிலும் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். திதியை வாக்கியமான பாம்புப் பஞ்சாங்கத்திலும் நட்சத்திரத்தைத் திருக்கணிதம் காட்டும் செல்போன் ஆப்பிலும் பார்ப்பவர்களை என்ன சொல்ல!

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ராகு காலம் தாண்டி வைத்தாலும் அந்தத் திங்கள் ஒத்துவராது. உங்கள் நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணி, ஒன்பது ஒன்பதாகக் கழித்துப் பார்ப்பதுதான் தாரை. ரோகிணியிலிருந்து சுவாதி வரை எண்ணினால் 12, ஒன்பது போக 3, அது விபத்துத் தாரை, ஆகாது. முந்தின நாள் ஞாயிறு சித்திரை: 11, ஒன்பது போக 2, சம்பத்துத் தாரை, நல்லது. ஞாயிற்றுக்கிழமை குடிபுகக் கூடாது என்பவர்களும் உண்டு. ஆனால் லீவு நாள் என்று இப்போது பலரும் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே அன்று எமகண்டம் பகல் 1 மணிக்கும் ராகு காலம் மாலை 5.30க்கும் மேல்தான், காலையில் இரண்டின் தொந்தரவும் கிடையாது. திதி மட்டும் அஷ்டமி, நவமி இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.