மேய்ச்சல் புறம்போக்கில் சோலார் வருகிறதா? ஆணை வருவதற்கு முன்பே பேசுங்கள்

கள்ளிக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: “எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் 60 ஏக்கரை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போவதாகப் பேச்சு. சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனார். வேலை கிடைக்கும் என்று ஊரில் பாதிப் பேர், மேய்ச்சலுக்கு எங்கே போவது என்று மீதிப் பேர். கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும், அதில் என்ன பேசலாம்?”

முதலில் கசப்பான விஷயம். அந்தக் கூட்டம் நடக்காது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சோலார் மின் நிலையம் இல்லை, அதனால் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வழியில் கிடையாது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்த பிறகுதான் பல ஊர்களுக்கு விஷயமே தெரிந்தது. கிராம சபைத் தீர்மானம், ஊர்வலம், சட்டமன்றத் தீர்மானம் என்று போய் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆனால் அங்கே பல்லுயிர் பாரம்பரியத் தலம் இருந்தது, மேலூர் வட்டாரமே திரண்டது. ஒரு ஊரின் 60 ஏக்கருக்கு அப்படிக் கூட்டம் சேரும் என்று நம்பி உட்காராதீர்கள்.

சரி, என்ன செய்வது? எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டை எடுங்கள், அரசின் இ-சேவைத் தளத்திலேயே சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். மேய்ச்சல் புறம்போக்கு என்று இருக்கிறதா, தரிசு என்று இருக்கிறதா என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. மேய்ச்சல் புறம்போக்கு பஞ்சாயத்தின் பொறுப்பில் வருவது, அதை வேறு காரியத்துக்குக் கொடுக்க வகைப்பாட்டை மாற்ற வேண்டும், அதற்கு ஆட்சேபணை கேட்டு ஊரில் நோட்டீஸ் போடுவார்கள். அந்த நோட்டீஸ் விஏஓ ஆபீஸ் சுவரில் ஒட்டிக் கிழிந்து போவதற்குள் பார்த்துவிடுங்கள். ‘தரிசு’ என்று எழுதியிருந்தால் உங்கள் கை கொஞ்சம் இறங்கிவிடும், ஆனாலும் ஆடு மாடு அங்கேதான் மேய்கிறது என்பதை மனுவில் சொல்லலாம். அப்படியே புலப்படத்தில் (நிலத்தை அளந்து வரைந்த சர்வே வரைபடம்) ஓடையும் கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். அவை நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் நீதிமன்றத்தில் உங்கள் வாதம் பலமாக நிற்கும்.

2011இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொது நிலத்தைக் காப்பாற்றச் சொன்னதை எல்லோரும் மனுவில் எழுதுகிறார்கள். எழுதுங்கள், தப்பில்லை, ஆனால் அது ஆக்கிரமிப்பைப் பற்றிய தீர்ப்பு, அரசே முறையாகக் குத்தகைக்குக் கொடுக்கும்போது அது மட்டும் போதாது.

என் கணக்கில், முழுக்க வேண்டாம் என்பதைவிட எந்த 60 ஏக்கர், என்ன நிபந்தனை என்று கேட்பதுதான் உங்களுக்கு லாபம். ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் போகும், ஆக இது 12 முதல் 15 மெகாவாட் வரைக்குமான திட்டம். கட்டும்போது ஆள் வேண்டும், கட்டி முடித்த பிறகு வாட்ச்மேன், பேனல் கழுவ, புல் வெட்ட என்று சிலருக்குத்தான் வேலை. வேலை வேலை என்று பேசுகிறவர்களிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் வேலி. மாட்டுப் பாதையை மறித்து ஒரே வளைவாக வேலி போட்டுவிட்டால், அந்தப் பக்கம் மிஞ்சிய நிலமும் போனதுபோலத்தான். புலிக்குளம் இன நாட்டு மாடுகளைக் கிடையாக, மந்தையாக ஓட்டி மேய்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய அடி. பாதையை விட்டு வேலி போட வேண்டும், ஓடையை மூடக் கூடாது, பேனல் கழுவ ஊரில் போர்வெல் போடக் கூடாது, குத்தகைப் பணத்தில் பஞ்சாயத்துக்குப் பங்கு வேண்டும், காலம் முடிந்ததும் கம்பெனியே பிரித்து எடுத்துப் போக வேண்டும். பேனலை உயரமாக வைத்தால் அடியில் செம்மறி மேயலாம். வெள்ளாடு வேண்டாம், பேனல் மேலே ஏறிவிடும், வயரையும் கடித்துவிடும். இதெல்லாம் வாய்ப்பேச்சாக இல்லாமல் குத்தகை ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.

அதற்கு வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் எது அடுத்து வருகிறதோ அதில் தீர்மானமாகப் போட்டு, நகலைக் கையோடு வாங்கி, கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தீர்மானம் மட்டும் திட்டத்தை நிறுத்திவிடாது, ஆனால் பின்னால் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக நேர்ந்தால் கையில் இருக்கும் முதல் தாள் அதுதான். கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரிய தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபை பெரும்பாலும் காலை 11 மணிக்கு, ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் அப்போது காட்டில் இருப்பார்கள், அன்றைக்கு மட்டும் வேறு ஆளை மேய்க்க விட்டு அவர்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள்.