கமராவுக்கு முன் கதவைப் பாருங்கள்
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மெரின் டிரைவுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. ஆறு மாடி, 18 வீடு. போன மாதம் யாரோ உள்ளே வந்து வாகனத் தரிப்பிடத்தில் இருந்த சைக்கிளைக் கொண்டு போய்விட்டார்கள். இருக்கிற நான்கு கமராவிலும் ஆள் தெரிகிறான், முகம் தெரியவில்லை. இப்போது நிர்வாகக் குழுவிடம் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. ஒன்றில் 2 மெகாபிக்சல் கமரா 16. மற்றதில் 4 மெகாபிக்சல் கமரா 8, அதோடு வாசலுக்குக் காட் போட்டுத் திறக்கும் பூட்டு. எதை எடுப்பது அண்ணா?

பதில்: தங்கச்சி, இரண்டாவதை எடுங்கள். ஆனால் அதிலும் சில விஷயங்களை மாற்றச் சொல்லிக் கேட்ட பிறகு எடுங்கள்.

உங்கள் சைக்கிள் கதையையே பாருங்கள். நான்கு கமரா இருந்தும் அவன் வந்தான், போனான். கமரா நடந்ததைக் காட்டும், நடக்காமல் தடுப்பது கதவுதான். எங்கள் தொடர்மாடியிலும் இதே மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பதிவை எடுத்துப் பார்த்தால் தலைமுடி மட்டும் தெரிந்தது, ஏனென்றால் கமராவைக் கூரையோடு ஒட்டிப் பூட்டியிருந்தார்கள். அவன் அதற்கு முந்தைய வாரமும் வந்து நோட்டம் பார்த்தான் என்று காவலாளி சொன்னார், அந்த நாளைத் தேடினால் ரெக்கோடர் ஆறு நாளுக்கு மேல் வைத்திருக்கவில்லை. அன்றைக்கு வந்த கோபத்தில்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்கவே தொடங்கினேன்.

முகம் ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பிய தர அளவு. 2 மெகாபிக்சல் படம் 1920 பிக்சல் அகலம், அதாவது ஏழரை மீற்றர் அகலமான காட்சி வரைக்கும்தான் அந்தத் தெளிவு கிடைக்கும். நம் ஊரில் கேட்காமலே பூட்டிவிட்டுப் போகும் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் நன்றாக அகலமாகப் பார்க்கும், அதில் ஆள் மூன்று மீற்றர் தள்ளி நின்றாலே அந்த எல்லை முடிந்துவிடும். அதே லென்ஸில் 4 மெகாபிக்சல் போட்டாலும் நான்கு மீற்றர்தான். அதனால் வாகனத் தரிப்பிடத்துக்கு அகல லென்ஸ் போதும், ஆனால் கேட், லிஃப்ட் வாசல், பின் படிக்கட்டு மூன்றுக்கும் குறுகலாகப் பார்த்து ஆளைப் பெரிதாகக் காட்டும் 4 அல்லது 6 மில்லிமீற்றர் லென்ஸ் கேளுங்கள், இரண்டு, இரண்டரை மீற்றர் உயரத்தில், வருகிறவரின் முகத்துக்கு நேராக. ஒழுங்காக வைத்த மூன்று கமரா, கூரையில் தொங்கும் பதினாறை விடப் பொலிஸுக்கு உதவும்.

இன்னொன்று, உங்கள் வாசல் கடல் பக்கம் என்றால் பின்னேர வெயில் நேரே உள்ளே அடிக்கும், வருகிறவர் கறுப்பு நிழலாகத்தான் விழுவார். இதைச் சமாளிக்கும் வசதிக்கு டபிள்யூடிஆர் என்று பெயர். பெட்டியில் எழுதியிருக்கிறது என்று நம்பிவிடாமல், பணம் கொடுக்கும் முன் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருவரை நடந்து வரச் சொல்லிப் பாருங்கள், இரவு ஒன்பதுக்கு இன்னொரு தடவை. இரண்டிலும் கண், மூக்கு தெரிய வேண்டும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு கமரா விநாடிக்கு 2 மெகாபிட் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21 ஜிபி சொச்சம். எட்டுக் கமரா, 30 நாள் என்றால் 5 டிபியைத் தாண்டும், ஆகவே 6 டிபி டிஸ்க் வேண்டும். சாதாரணக் கணினி டிஸ்க்கைப் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள், 24 மணி நேரமும் எழுதும் கண்காணிப்பு வேலைக்கென்றே தனி டிஸ்க் வருகிறது.

கடற்காற்றை மறக்காதீர்கள். ஐபி 66 என்று போட்டிருந்தால் தூசுக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்றுதான் அர்த்தம், உப்புக்கு அல்ல. துருப்பிடிக்காத ஸ்டீல் ஆணி, வயர் மூட்டுகளை மூடும் பெட்டி இரண்டும் வேண்டும். வயர் முழுச் செம்பா என்றும் கேளுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு, ஆனால் கமராவுக்கு மின்சாரமும் அதே வயரில்தான் போகிறது, தூரம் கூடினால் கமரா விட்டு விட்டு வேலை செய்யும்.

கரண்ட் விஷயம் உங்களுக்கே தெரியும். 2022 இல் 13 மணி நேர மின்வெட்டையும் பார்த்தோம், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதையும் பார்த்தோம். ஜெனரேட்டர் இருந்தால் அது எழும்பும் வரைக்கும் சின்ன யுபிஎஸ் போதும். இல்லை என்றால் அந்தச் சின்ன யுபிஎஸ் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, பெரிய பற்றரி வேண்டும்.

சரி, இனிக் கதவு. உங்களுக்குத் தரப்போவது அநேகமாகக் காந்தப் பூட்டாக இருக்கும், 280 கிலோ இழுவை என்று சொல்வார்கள். கரண்ட் இருந்தால் பிடிக்கும், போனால் விட்டுவிடும். மின்வெட்டில் வாசல் திறந்து கிடக்கும் என்று பயந்து, கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும் பூட்டைப் போடலாமா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். அப்படிப் போட்டால் உள்ளே இருந்து கைப்பிடியைத் திருப்பி எப்போதும் வெளியேறக்கூடிய வகையாக மட்டும் இருக்கட்டும். தீப்பிடித்தால் 18 வீட்டுச் சனமும் அந்த வாசலால்தான் ஓட வேண்டும், அதில் முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். காந்தப் பூட்டு என்றால் தீ எச்சரிக்கை மணியோடு இணைத்து, மணி அடித்தால் தானாக விட வேண்டும், பக்கத்தில் உடைத்து அமுக்கும் அவசரப் பொத்தானும் வேண்டும். மின்வெட்டுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பற்றரி ஒன்று போட்டால், அரை ஆம்பியர் இழுக்கும் பூட்டைக் கணக்குப்படி 14 மணி நேரம் பிடிக்கும், பழசாகும்போது குறையும்.

காட் எந்த வகை என்பதையும் விடாமல் கேளுங்கள். மலிவான 125 கிலோஹேர்ட்ஸ் காட்டைக் கையடக்கக் கருவி ஒன்றால் சில விநாடிகளில் நகல் எடுக்கலாம். மைஃபேர் கிளாசிக் என்ற இன்னொரு வகைக் காட்டின் பாதுகாப்பும் 2008 இலேயே உடைந்துவிட்டது. இவற்றை விடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் என்ற வகைக் காட் விலை கூட, ஆனால் 18 வீட்டுக்குப் பிரித்தால் பெரிய தொகை இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், பூட்டைத் திறக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி வாசலுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே தெரியும் காட் பெட்டிக்குள்ளேயே அந்தச் சுவிட்ச் இருந்தால், பெட்டியைக் கழற்றி இரண்டு வயரைத் தொடுத்தால் கதவு திறந்துவிடும், காட்டே தேவையில்லை.

கேள்வி: செட்டியார் தெருவில் சிறிய நகைக்கடை வைத்திருக்கிறேன். கள்ளன் ரெக்கோடரையே தூக்கிக் கொண்டு போனால் என்ன செய்வது? போனில் பார்க்கும் வசதியும் வேண்டும், அது ஆபத்து என்று மகன் சொல்கிறான்.

பதில்: ஐயா, ரெக்கோடரைக் காசுமேசைக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அங்கேதான் கள்ளனும் முதலில் தேடுவான். மேல்மாடியிலோ பின்னறையிலோ, சுவரோடு ஆணியடித்த காற்றோட்டமுள்ள இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள், திறப்பு உங்களிடம் இருக்கட்டும். வாசல் கமராவுக்குள் மெமரி காட் ஒன்றும் போடுங்கள். கிளவுடுக்கு, அதாவது இணையத்திலுள்ள சேமிப்பிடத்துக்கு, எல்லாவற்றையும் அனுப்பப் போனால் ஒரு கமராவே நாளைக்கு 20 ஜிபிக்கு மேல் தின்னும், வாசலிலும் பெட்டகத்திலும் அசைவு தெரியும் துண்டுகளை மட்டும் அனுப்பினால் போதும்.

மகன் சொல்வது சரி. 2016 இல் மிராய் என்ற வைரஸ், பெட்டியில் வந்த பாஸ்வேர்டை மாற்றாத கமராக்களையும் ரெக்கோடர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள், பூட்ட வந்த பையனிடமும் சொல்லாதீர்கள். வெளியிலிருந்து நேரே நுழைய ரௌட்டரில் வழி திறந்துவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், விபிஎன், அதாவது உங்களுக்கு மட்டுமான பூட்டிய இணைய வழி, போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ரெக்கோடரின் கடிகாரத்தையும் மாதம் ஒரு தடவை பாருங்கள். 1995 இன் 14 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி இப்படியான பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம், ஆனால் அந்த நேரம் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்ற கேள்வி வரும். இருபது நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரம் எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு வசதியாகிவிடும். ஏதாவது நடந்தால் 119 க்கு அடியுங்கள், பொலிஸ் வரும் வரைக்கும் ரெக்கோடரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளின் வரவுக்கும் கதவுக்கும் சேர்த்துக் கைரேகை மெஷின் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைரேகை போன்ற உடல் அடையாளங்களையும் சிறுவர்களின் தரவையும் தனிக் கவனம் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது, நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கப் போகிறீர்கள். காட் தொலைந்தால் வேறு கொடுக்கலாம், பிள்ளையின் விரலுக்கு வேறு எங்கே போவது? காட் கொடுங்கள். வகுப்பு நடக்கும் நேரம் வாசலில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது கதவை வெளிப்பக்கமாகப் பூட்டவே வேண்டாம்.