எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை

சர்வரின் பிணைய எண்ணான 192.168.1.20 என்று கொடுத்தால் பிங் (ஒரு கணினி எட்டுகிறதா என்று சோதிக்கும் கட்டளை) பதில் தருகிறது, 'சர்வர்' என்று பெயரைக் கொடுத்தால் தெரியாத ஹோஸ்ட் (கணினி) என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டாம். பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் பெயர்த் தேடல்தான் சிக்கல். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை நீங்கள் திருத்தியது சர்வரில். அதை அந்தக் கணினி மட்டுமே படிக்கும். தேடுகிற மடிக்கணினியில் அல்லவா அந்த வரி இருக்க வேண்டும்! (நானும் ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்தவன்தான்.) அந்த வரியில் முதலில் எண், இடைவெளி, பிறகு பெயர்.

கையோடு ரௌட்டரில், கணினிகளுக்கு எண்களைத் தானாக வழங்கும் டிஎச்சிபி பகுதியில் அந்த எண்ணைச் சர்வருக்கே ஒதுக்கிவிடுங்கள். இல்லையேல் என்றாவது எண் மாறும், எழுதிய வரி பொய்யாகும்.

கைபேசியிலிருந்தும் பெயர் வேண்டுமென்றால் இது போதாது. எப்போதும் ஓடும் ஒரு கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் (dnsmasq) என்ற சிறிய டிஎன்எஸ் மென்பொருளை, அதாவது பெயர்களுக்கு எண்ணைச் சொல்லும் மென்பொருளை நிறுவி, ரௌட்டரின் டிஎச்சிபி அமைப்பில் அந்தக் கணினியின் எண்ணையே டிஎன்எஸ் முகவரியாகக் கொடுங்கள். கணினிப் பெயரின் பின்னொட்டாக '.லோக்கல்' (.local) வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே கருவிகள் தங்களுக்குள் பெயரைத் தேடும் முறைக்கு) உரியது. வீட்டுப் பிணையத்துக்கான '.ஹோம்.ஆர்பா' (.home.arpa) வையுங்கள்.