கடலோரத்து உப்பும் தைராய்டும்: கேள்வி பதில்

கேள்வி (வாலிநோக்கம்): உப்பளத்து உப்பை மூட்டையாக வாங்கி வருடம் முழுவதும் சமைக்கிறோம். கடலுப்பிலேயே அயோடின் இருக்கும் என்கிறார்கள். பிறகு என் மனைவிக்கு முன்கழுத்து வீங்குவது ஏன்?

பதில்: கடல்நீரிலும் பாசியிலும் அயோடின் உண்டு, ஆனால் பாத்தியில் வெயிலில் விளையும் உப்பில் அது தங்குவது மிகச் சொற்பம். கடலோரத்தில் குடியிருந்தாலே போதும் என்ற எண்ணத்தை அதனால்தான் நான் விடாமல் மறுத்து வருகிறேன். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. அது கிடைக்காதபோது முன்கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் குறைகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து தைராய்டை முடுக்க முடுக்க, அது பருத்துக் கழலையாகிறது. கழலைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1962-லேயே தொடங்கியதும் இதற்காகத்தான். மூட்டை உப்பைக் கருவாட்டுக்கு வைத்துக்கொண்டு, சமையலுக்கு அயோடின் கலந்த உப்பை வாங்கி மூடியிட்டு வையுங்கள்.

எல்லா வீக்கமும் அயோடின் குறைவால் வருவதன்று. உங்கள் மனைவியைத் தலையைச் சற்று நிமிர்த்தி ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொல்லிப் பாருங்கள்; அப்போது வீக்கமும் மேலேறி இறங்கினால் அது பெரும்பாலும் தைராய்டுதான். சாதாரணக் கழலையா, தனிக் கட்டியா என்பதை இரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும்தான் சொல்லும். உப்பை மாற்றிவிட்டோம் என்று அவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (மண்டபம்): நான் பாசி எடுக்கப் போகிறவள். விடியற்காலையில் டீயோடு தைராய்டு மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. பாசியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது, சகோதரி. பெரியவர்களுக்குத் தைராய்டு குறைவது பல நேரங்களில் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால்தான். அப்படிப்பட்டவர்களுக்கு மிகையான அயோடின் கோளாறை இன்னும் கூட்டிவிடக்கூடும். உங்கள் சிக்கல் டீயில் இருக்கலாம் என்றே நினைக்கிறேன். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீ குடியுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். படகுக்குப் புறப்படும் அவசரத்தில் இது முடியாதென்றால், இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து மறுபடியும் பரிசோதித்தால் மாற்றம் தெரியும்.

கேள்வி (கீழக்கரை): பதினேழு வயது மகளுக்கு மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பிடரி கறுத்துக் கிடக்கிறது. பயத்தமாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

பதில்: அது அழுக்கன்று, தயவுசெய்து இனித் தேய்க்காதீர்கள். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது இன்சுலின் அளவு ஏறுகிறது. பிடரியும் அக்குளும் வெல்வெட்டுப் போலத் தடித்துக் கறுப்பது அதன் அடையாளம். அதே இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுவதால் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. இதைச் சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) என்று சொன்னாலும், ஸ்கேனில் தெரிபவை முதிராமல் நின்றுவிட்ட முட்டைப்பைகளே. அறுத்தெடுக்க வேண்டியவை அல்ல. டி.எஸ்.எச்., புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எடை கூடுதலாக இருந்தால், அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது. திருமணப் பேச்சை நினைத்து இதை மறைக்காதீர்கள். மறைத்த வருடங்களில் சர்க்கரை நோய் உள்ளே வளர்ந்துவிடக்கூடும்.

கேள்வி (பாம்பன்): கடலில் தங்கும் நாட்களில் இன்சுலினை மீனுக்கான ஐஸ் பெட்டியிலேயே வைக்கலாமா?

பதில்: ஐஸில் நேரடியாக வைத்தால் மருந்து உறைந்து வீணாகும், உறைந்ததை உருகவைத்துப் போடவும் கூடாது. பயன்பாட்டில் உள்ள குப்பி பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரங்கள் வரை தாங்கும். துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் இட்டு, வெயில் படாத இடத்தில் ஈர மண்பானைக்குள் வையுங்கள்.