முன்களச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சமூகம் உண்மையான ஆதரவை எப்படிக் காட்டவேண்டும்?

"பொன்னாடை போர்த்துவதைத் தவிர எங்கள் ஊர் மட்டத்தில் என்ன செய்யலாம்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் நீங்கள் ஏதோ சனசமூக நிலையத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ நிர்வாகத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். என் மனைவி யாழ்ப்பாணத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் தாதி. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன், தயவுசெய்து கீழே வந்து கேட்காதீர்கள்.

பொன்னாடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020, 2021 கொரோனாக் காலத்துக்குப் பிறகு எங்கள் ஊரிலும் கூப்பிட்டுப் போர்த்தினார்கள், இவவும் சந்தோசமாகத்தான் போய் வந்தா. ஆனால் அடுத்த வருடமே, பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற 2022இல், சுகாதாரப் பணியாளர்களுக்கென்று பெற்றோல் செட்டில் தனி வரிசை விட்டபோது, அந்த மேடையில் கை தட்டிய ஆட்களில் சிலர்தான் "இவையளுக்கு மட்டும் என்ன ராச மரியாதை" என்று சத்தம் போட்டார்கள். இவ அதோடு வரிசைக்குப் போவதை விட்டுவிட்டுச் சைக்கிளில் டியூட்டிக்குப் போனா. இரவு டியூட்டி என்றால் பின்னேரம் ஏழு மணிக்கு ஏறி விடிய ஏழு மணிக்கு இறங்குவது. அதை முடித்துவிட்டு உரும்பிராய் வரை சைக்கிள் மிதிப்பது லேசான வேலை இல்லை.

சரி, எனக்கு இந்தக் கேள்வி ஏன் சுட்டது என்பதைச் சொல்கிறேன். 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படிக் கிடந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வார்ட்டில் கட்டில் போதாமல் நிலத்தில் பாய் போட்டுக் கிடந்தார்கள். டெங்குவில் பொல்லாத நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரம் இல்லை, காய்ச்சல் விட்ட பிறகு வருகிற இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணித்தியாலம்தான். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியும். ஒவ்வொரு மணித்தியாலமும் நாடி பார்க்கவேண்டும், பிரஷர் பார்க்கவேண்டும், எவ்வளவு சிறுநீர் போனது என்று அளந்து எழுதவேண்டும், இடையிடையே இரத்தம் எடுத்து லாப்புக்கு அனுப்பவேண்டும். சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் நெஞ்சுக்குள் நீர் கட்டி மூச்சு முட்டும். இது வெளியில் இருக்கிற ஆட்களுக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டுவிட்டது, பிறகு ஏன் பிள்ளையைக் குத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்பார், ஏன் சேலைனைக் கூட்டிவிடவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர் ஏசுவார்.

அப்படி ஓர் இரவு, வார்ட் முழுக்க இரண்டே இரண்டு தாதியர். வார்ட் தொலைபேசி பல நாளாகப் பழுது. ஒரு பொடியனின் இரத்த முடிவு வராததால் இவ தன் சொந்தப் போனில், தன் காசில், லாப்புக்கு எடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. வேறொரு நோயாளியோடு நின்ற இளைஞர் அதை வீடியோ எடுத்திருக்கிறார். அரை நிமிடம்கூட இல்லை. "நோயாளிகள் தவிக்க, தாதி போனில் அரட்டை" என்று பேஸ்புக்கில் போட்டார். விடிவதற்குள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கருத்துகள். எழுதியவர்கள் எல்லாம் எங்களைப் போன்ற குடும்பத்து ஆட்கள்தான், வெளியில் சொல்ல வாய் கூசுகிற சொற்கள். எட்டாம் ஆண்டு படிக்கிற என் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அவன் வந்து தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டான். நிர்வாகம் "அதைப் பெரிதாக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. பழுதான தொலைபேசியைப் பற்றி யாரும் ஒரு வரி சொல்லவில்லை. அந்தப் பொடியன் சுகமாகி வீட்டுக்குப் போனான். பதிவு இன்னும் கிடக்கிறது.

இதை எழுதியதும் "அப்ப தாதியர் எல்லாம் தெய்வமா, எங்கள் அம்மாவை எப்படி ஏசினார்கள் தெரியுமா" என்று ஒருவர் வருவார். தெரியும். எரிந்து விழுகிற தாதியர் இருக்கிறார்கள், நானும் கண்டிருக்கிறேன், மனைவியே சொல்லுவா. அவர்கள் மேல் முறைப்பாடு செய்யுங்கள். பணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், திகதியும் நேரமும் போட்டுக் கொடுங்கள், பதில் வராவிட்டால் மாகாணத் திணைக்களத்துக்கோ சுகாதார அமைச்சுக்கோ பிரதி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை. வார்ட்டுக்குள் போனைத் தூக்கிப் பிடிப்பது உரிமை இல்லை. அந்த வீடியோவில் பின்னால் படுத்திருந்த நோயாளிகளின் முகமும் போனது, அதைப் பற்றி எழுதியவர் ஒருவரும் இல்லை.

அதே மாதிரி மருந்து. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து இல்லையென்றால் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். அந்தத் துண்டை நீட்டுகிற கையைத்தான் எல்லாரும் ஏசுகிறார்கள். மருந்து வராததற்குக் கொழும்பில் இருக்கிற காரணத்தை யாழ்ப்பாணத்து வார்ட்டில் நிற்கிற பிள்ளை எப்படித் தீர்க்கும்? வேலைநிறுத்தமும் அப்படித்தான். 2024 ஜனவரியில் வைத்தியர்களின் டீ.ஏ.டி. கொடுப்பனவை (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்துக்கென்று சம்பளத்தோடு கொடுப்பது) 35,000 ரூபாவால் கூட்டியபோது மற்றச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தங்களுக்கும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தன. நோயாளிகள் அலைந்தார்கள், எனக்கும் அது பிடிக்கவில்லை. எல்லா வேலைநிறுத்தத்தையும் ஆதரியுங்கள் என்று சொல்லவரவில்லை. என்ன கேட்கிறார்கள் என்று ஒருதரம் வாசித்துவிட்டு ஏசுங்கள் என்கிறேன்.

ஆபத்துக்குள் நின்று வேலை செய்கிற சுகாதாரப் பணியாளர்கள் எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள், பெரியாஸ்பத்திரிக்குள், அதாவது யாழ் போதனா வைத்தியசாலைக்குள், இந்தியப் படை புகுந்து சுட்டபோது வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர்கள் என்று 21 பணியாளர்கள் நோயாளிகளோடு சேர்ந்து செத்தார்கள். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரத்திலும் டியூட்டிக்கு வந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு வருடமும் விளக்கேற்றுகிறோம், ஏற்றத்தான் வேண்டும். அன்றைக்கு அவர்கள் பார்த்த அதே வேலையை இன்றைக்குப் பார்க்கிற ஆட்களிடம் கொஞ்சம் பொறுமையாகக் கதைத்தால் என்ன?

எனக்கு உண்மையான ஆதரவு என்று தெரிந்தது எங்கள் பின்வீட்டு அன்ரிதான். அந்த வீடியோ வந்த கிழமை அவ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "தம்பி, பிள்ளையளை நான் ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போறன், அவ படுக்கட்டும்" என்று மட்டும் சொன்னா. இரவு டியூட்டி நாட்களில் இப்போதும் பிட்டும் சம்பலும் மதிலுக்கு மேலால் வரும்.

படுப்பது என்றதும் இதையும் சொல்லவேண்டும். இரவு முழுக்க விழித்தவர்கள் பகலில்தான் தூங்கவேண்டும், எங்கள் பக்கத்தில் திருவிழா தொடங்கினால் விடியற்காலையிலிருந்து நான்கு பக்கமும் ஒலிபெருக்கி. நான் சைவன், கோயிலுக்கு எதிரானவன் இல்லை. வீதிக்குக் கட்டிய ஸ்பீக்கரைக் கோயில் வளவுக்குள் திருப்பினால் போதும் என்று கேட்டதற்கு என்னை மதம் மாறியவன் என்று கதை கட்டினார்கள். எங்கள் ஒழுங்கையும் அப்படித்தான். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள். மழைக்குப் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாது, விளக்குக் கம்பம் நிற்கிறது, விளக்கு எரியாது. இவ இரவு ஸ்கூட்டியில் அதற்குள்ளால்தான் போகிறா. அலுவலகத்தில் கேட்டால் வேறு அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அந்த அலுவலகம் கொந்தராத்துக்காரரைக் காட்டுகிறது. வரி மட்டும் ஒழுங்காக அறவிடுகிறார்கள். கேள்விக்கு வெளியே போய்விட்டேன், இருந்தாலும் அழித்துவிட மனமில்லை.

உங்கள் நிலையம் செய்யக்கூடியதைக் கேட்டீர்கள். மாரி மழை தொடங்க முன், ஒக்டோபருக்குள், வீடு வீடாகப் போய்ப் பீலி, ரயர், சிரட்டை, தண்ணித் தொட்டி எல்லாவற்றையும் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு கிழமை, பத்து நாளில் முட்டை நுளம்பாகிவிடும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொன்னால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார், அவர் வளவுக்குள் வரும்போது கேற்றைப் பூட்டிவிட்டு வாதாடாதீர்கள். பெரியாஸ்பத்திரி இரத்த வங்கியில் எந்த மாதம் இரத்தம் குறைவு என்று கேட்டு, உங்கள் நிலையத் தலைவரின் பிறந்தநாளுக்கு வைக்காமல் அந்த மாதத்துக்கு இரத்ததான முகாமை வையுங்கள். உங்கள் ஒழுங்கையில் டியூட்டிக்குப் போகிற தாதி, சிற்றூழியர், மருத்துவிச்சி யார் யார் என்று பாருங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கிய காசு மிஞ்சினால் அவர்கள் போகிற வழியில் ஒரு பல்பு போடுங்கள்.